சீட்டும் வேண்டாம், பதிவேடும் வேண்டாம்: கல்லூரி வளாகத்தில் 20 நிமிட ஆலோசகர் பேச்சை நடத்துவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கவுன்சிலிங் என்றால் எங்கள் பக்கத்து மாணவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் கலந்தாய்வு. கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர். முதலாமாண்டு வகுப்பு ஒன்றில் என்னை ‘நம்ம காலேஜ் கவுன்சிலர்’ என்று அறிமுகப்படுத்தியபோது கடைசி வரிசையிலிருந்து ‘எந்த வார்டு மேடம்?’ என்று ஒரு குரல் கேட்டது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இரண்டும் இல்லை, இது மனநல ஆலோசனை என்று விளக்கிய மறுகணம் சிரிப்பு அடங்கிவிட்டது. ‘அப்படியானால் அங்கே போகிறவனுக்கு ஏதோ கோளாறு’ என்ற மூன்றாவது பொருள் அந்த அமைதியில் இருந்தது.

புதுச்சேரியிலும் கடலூரிலும் நான் பார்த்த கல்லூரிகள் பலவற்றில் ஆலோசகர் அறை என்பது முதல்வர் அறையை ஒட்டிய நடைபாதையின் கடைசியில் இருக்கும். கதவில் பெயர்ப்பலகை, உள்ளே ஒரு மேசை, மேசைமேல் கையெழுத்துப் பதிவேடு. கட்டணம் செலுத்தும் சன்னலில் வரிசையாக நிற்கும் சக மாணவர்களைக் கடந்துதான் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். உண்மையில் துன்பத்தில் இருப்பவர் இந்த நடைபாதையை நடந்து முடிப்பதற்குள் திரும்பிவிடுவார். நல்ல ஆலோசகர் இருந்தும் அறை காலியாகக் கிடப்பதற்கு இதைவிடப் பெரிய காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் ‘லெட்ஸ் டாக்’ என்ற பெயரில் தொடங்கி, பின்னர் அந்நாட்டின் வேறு பல பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொண்ட முறை ஒன்று இந்தச் சிக்கலை எளிமையாக அணுகுகிறது. மாணவர் ஆலோசகரைத் தேடி வருவதற்குப் பதிலாக, மாணவர் நடமாடும் இடத்தில் ஆலோசகர் போய் உட்கார்ந்துகொள்கிறார். முன்பதிவு, படிவம், கட்டணம் எதுவும் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதல் பேச்சு. அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். இந்த முறையை நம் வளாகங்களுக்கு ஏற்ப மாற்றிச் செய்துபார்த்ததில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: வெளித்தோற்றத்தில் எவ்வளவு தளர்வோ, உள்ளே அவ்வளவு கண்டிப்பு வேண்டும். மரத்தடியில் உட்கார்வது எளிது. மரத்தடியில் கேட்டதை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வருவதற்கு ஒழுங்கு தேவை.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது பணியமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வகுத்த பிறகு, நியமனங்கள் பேச்சளவிலாவது தொடங்கியிருக்கின்றன. ஆளை நியமித்து அறையைக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கும், அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கப்போகும் ஆலோசகர்களுக்கும் கீழே உள்ளவை பயன்படலாம்.

முதல் படி: இது எது, எது அல்ல என்று எழுதி வையுங்கள்

தொடங்கும் முன் ஒரு பக்கத் தாளில் எல்லையை எழுதி, முதல்வர் முதல் விடுதிக் காப்பாளர் வரை அனைவரிடமும் கொடுத்துவிட வேண்டும். இது சிகிச்சை அல்ல. நோயைக் கண்டறிந்து பெயர் சூட்டும் இடமும் அல்ல. ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் அனுப்பிவைக்கும் இடம் நிச்சயமாக அல்ல. ‘வகுப்பைக் கட் அடித்தான், உங்களிடம் அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்’ என்று ஒரே ஒரு மாணவரை ஒரே ஒரு முறை ஏற்றுக்கொண்டால்கூட, அந்த நாற்காலி அன்றைக்கே தண்டனை நாற்காலியாகிவிடும்.

பெயரிலும் கவனம் தேவை. எங்கள் முதல் அறிவிப்புத் தாளில் ‘மன அழுத்தம், மனச்சோர்வு உள்ளவர்கள் அணுகவும்’ என்று அச்சடித்திருந்தோம், ஒருவரும் அணுகவில்லை. அடுத்த பருவத்தில் ‘புதன்கிழமை, வேப்பமரத்தடி, சும்மா பேசலாம்’ என்று மட்டும் போட்டோம், ஆட்கள் வந்தார்கள். ‘சும்மா’ என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் வசதி வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. வருகிறவர் தம்மை நோயாளி என்று ஒப்புக்கொள்ளத் தேவையில்லாமல் போகிறது.

இரண்டாம் படி: யார் உட்காரலாம்

உளவியலிலோ மனநலச் சமூகப் பணியிலோ முறையாகப் பயின்றவர் உட்கார வேண்டும். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் கிடைத்தால் மிக நல்லது. எல்லாக் கல்லூரிக்கும் அது வாய்க்காது. இன்டர்னல் மதிப்பெண் போடுகிறவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் உட்காரக் கூடாது. மதிப்பெண் கையில் உள்ளவரிடம் மாணவர் உண்மை பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மூன்றாம் படி: இடம்

இடத்துக்கான விதி ஒன்றே. பார்வைக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. முழுக்க மறைவான இடமென்றால் அங்கே போவதே செய்தியாகிவிடும். முழுக்கத் திறந்த இடமென்றால் பேச்சு வெளியே போகும். ஜெராக்ஸ் கடையின் பக்கவாட்டுத் திண்ணை, நூலகத்தின் பின்புற மரத்தடி, விளையாட்டுத் திடலின் படிக்கட்டு ஆகியவை எனக்குச் சரியாக அமைந்தன. உணவகம் அமையவில்லை, ஏனென்றால் பக்கத்து மேசை எப்போதும் நிரம்பியிருந்தது. காலாப்பட்டைப்போலக் கடலை ஒட்டிய வளாகமென்றால் காற்றிரைச்சல் பேச்சை நன்றாகவே மறைத்துக்கொடுக்கும்; ஆனால் மெல்லப் பேசும் பிள்ளையைத் திரும்பத் திரும்ப ‘என்ன? என்ன?’ என்று கேட்க நேர்ந்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இடத்தைத் தேர்ந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சாதாரணக் குரலில் செய்தித்தாளைப் படிக்கச் சொல்லிவிட்டு, எத்தனை அடி தள்ளிப்போனால் சொற்கள் புரியாமல் போகின்றன என்று நடந்து பாருங்கள். எங்கள் வேப்பமரத்தடியில் அது ஏறத்தாழ 15 அடியாக இருந்தது. அந்த வட்டத்துக்குள் காத்திருப்பவர் யாரும் நிற்கக் கூடாது. நாற்காலிகள் எதிரெதிராக வேண்டாம், சற்றுச் சாய்வாக இருக்கட்டும். கண்ணைப் பார்க்க விரும்பாதவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவார். மேசை தேவையில்லை. ஒரு தண்ணீர்க் குடம் இருந்தால் ‘தண்ணி குடிக்க வந்தேன்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இருக்கும். இந்தக் குடத்தை முன்னமே வைக்கத் தவறியதைத்தான் முதல் ஆண்டின் பெரிய பிழையாக நான் கருதுகிறேன்.

நான்காம் படி: நேரம்

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமிருந்து வந்துபோகும் மாணவருக்கு வாழ்க்கை பேருந்து நேரத்தில்தான் ஓடுகிறது. மாலை 4 மணிக்குப் பிறகு என்று வைத்தால் விடுதி மாணவர் மட்டுமே வருவார்கள். மதிய உணவு இடைவேளையும் அதையடுத்த ஒரு மணி நேரமும் இருவருக்கும் பொருந்தும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், பருவம் முழுவதும் மாறாமல் இருக்க வேண்டும். முதல் நான்கைந்து வாரம் யாரும் வராமலே போகலாம். அப்போதும் உட்கார்ந்திருங்கள், உட்கார்ந்திருப்பதை மாணவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மரத்தடியை விட்டுவைக்காது என்பதால், மழைநாளுக்கு எந்தத் தாழ்வாரம் என்பதை அறிவிப்புத் தாளிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும்.

ஐந்தாம் படி: அந்த 20 நிமிடம்

பெரும்பாலோர் மனதில் இருப்பதோடு வருவதில்லை, உடம்பில் இருப்பதோடு வருகிறார்கள். ‘தலை பாரமா இருக்கு’, ‘சாப்பாடு எறங்கல’, ‘நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது’ என்பவைதான் தொடக்க வரிகள். அல்லது ‘என் ஃபிரெண்டுக்கு ஒரு பிரச்சினை’ என்று தொடங்கும். அந்த நண்பர் யார் என்று துருவ வேண்டாம். நண்பருக்கே பதில் சொல்லுங்கள். இரண்டாம் முறை வரும்போது நண்பர் மறைந்து ‘நான்’ வந்துவிடும்.

விளிப்பு முக்கியம். முதலாமாண்டு மாணவரானாலும் ‘நீங்க’ என்றே தொடங்குகிறேன். வளாகத்தில் அவரை யாரும் அப்படி அழைத்திருக்கமாட்டார்கள். நிமிர்ந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கலாம். ‘வா போன்னே சொல்லுங்க மேடம்’ என்று அவராகச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, ஒரு பேச்சை இங்கே தருகிறேன்.

‘சும்மாதான் வந்தேன் மேடம்.’

‘சும்மா வந்தாலும் வரலாம். உட்காருங்க. பேரு சொல்லணும்னு இல்ல.’

சற்று நேரம் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ‘நாலு அரியர் இருக்கு மேடம். வீட்டுல ஆல் கிளியர்னு சொல்லி வெச்சிருக்கேன்.’

‘எவ்வளவு நாளா?’

‘ரெண்டு செமஸ்டரா.’

‘ரெண்டு செமஸ்டரா இத ஒத்தையா தூக்கிட்டு இருக்கீங்க.’

இந்த இடத்தில் அவர் அழுதார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதுதான் இந்தப் படியின் கடினமான பகுதி; ‘அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்’ என்ற வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட வேண்டும். முந்திரிக் கொட்டை உடைத்துப் படிக்கவைக்கும் தாயைப் பற்றி அவர் பேசினார். ‘பொய் சொல்லலாமா?’ என்று கேட்பதற்கு அவருக்கு ஊரில் ஆள் இருக்கிறது, நான் எதற்கு? நான் கேட்டது வேறு: ‘வீட்டுல யார்கிட்ட மொதல்ல சொன்னா கொஞ்சம் தாங்கிக்குவாங்க?’ நெடுநேரம் யோசித்துவிட்டு ‘அக்கா’ என்றார். எப்போது, எப்படி, போனிலா நேரிலா என்று பேசி முடிக்கும்போது 18 நிமிடம் ஆகியிருந்தது.

20 நிமிடத்தின் அமைப்பு இவ்வளவுதான். முதல் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்று அவர் வாயாலேயே கேட்பது, நடுவில் கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, கடைசியில் இந்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு செயலைச் சேர்ந்து முடிவு செய்வது. ஒன்றுதான், ஐந்து அறிவுரை சொன்னால் ஐந்தும் மரத்தடியிலேயே உதிர்ந்துவிடும். முடிவதற்கு 5 நிமிடம் முன்பாகவே ‘இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள். சொல்ல வந்த முக்கியமான விஷயத்தைச் சிலர் அப்போதுதான் சொல்வார்கள்.

வருகிற எல்லாவற்றுக்கும் மனத்தில் விடை தேடவும் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் கரைபுரண்டபோது வந்தவர்கள், பயத்தைப் பற்றிப் பேசவில்லை; ஊறிப்போன சான்றிதழைப் பற்றிப் பேசினார்கள். நகல் சான்றிதழுக்கு யாரிடம் மனுக் கொடுப்பது, கட்டணத்துக்குத் தவணை கேட்க எந்த அலுவலகம் என்று தெரிந்து வைத்திருந்ததுதான் அந்த மாதத்தில் நான் செய்ய முடிந்த ஆலோசனை. உதவித்தொகை, தேர்வுக் கட்டணம், விடுதி மாற்றம் ஆகியவற்றின் நடைமுறையையும், ராகிங் தடுப்பு உதவி எண்ணான 1800-180-5522-ஐயும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள்.

ஆறாம் படி: இரகசியமும் அதன் எல்லையும்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு, மனநலம் குறித்த தகவல்களின் இரகசியத்தை உரிமையாகவே வைக்கிறது. சிகிச்சை என்று அழைக்காத பேச்சிலும் அதே கண்டிப்பைக் கடைப்பிடிப்பதுதான் முறை. நான் இதில் ஒருமுறை தவறியிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு விசாரித்த ஒரு பேராசிரியரிடம், ‘வந்துகொண்டுதான் இருக்கிறாள், கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லிவிட்டேன். அவர் அந்த மாணவியிடம் அக்கறையாக ‘மேடத்தைப் பார்க்கிறாயாமே’ என்று கேட்டிருக்கிறார், வகுப்பில் வைத்து. அந்த மாணவி அதன் பிறகு மரத்தடிப் பக்கமே வரவில்லை. இப்போது யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: ‘யார் வந்தார், யார் வரவில்லை என்று நான் சொல்வதில்லை.’ கேட்பவர் முதல்வராக இருந்தாலும், பெற்றோராக இருந்தாலும் இதே பதில்.

எல்லையைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து, அவருடையதோ பிறருடையதோ, என்று தெரிந்தால் நான் தனியாக வைத்துக்கொள்ளமாட்டேன் என்பது ஒன்று. மற்றொன்று பலர் மறந்துவிடுவது: முதலாமாண்டில் 18 வயது நிறையாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்ந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் இதைச் சொல்வது நம்பிக்கைத் துரோகம்.

ஏழாம் படி: உயிரை விடும் எண்ணம் பேச்சில் வந்தால்

‘இருந்து என்ன ஆகப்போகுது’, ‘நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி’, ‘எல்லாத்தையும் முடிச்சிக்கலாம்னு தோணுது’ என்ற வரிகள் காதில் விழுந்தால், சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: ‘சாகணும்னு எண்ணம் வருதா?’ கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தேவையற்றது. மனம் விட்டுச் சொல்ல ஒரு வழி கிடைத்தது என்றே பெரும்பாலோர் ஆறுதல் அடைகிறார்கள். ஆம் என்றால் 20 நிமிடக் கணக்கை மறந்துவிடுங்கள். அவரைத் தனியே விடக் கூடாது. அவர் நம்பும் ஒருவரை, அவர் சம்மதத்தோடு, உடனே வரவழையுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் வைக்கும்படி அந்த ஒருவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விவசாயக் குடும்பங்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதைச் சொல்லக் கூச்சப்படக் கூடாது.

24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசக்கூடிய டெலி மானஸ் எண் 14416. நாடு முழுவதுக்குமான இந்தச் சேவை தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. ஆபத்து உடனடியானது என்றால் 108, அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வருமோ என்று குடும்பம் தயங்கினால், 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: கைமாற்றிக் கொடுப்பது

மூன்று நான்கு முறை வந்தும் தூக்கமின்மை, பசியின்மை, வகுப்புக்குப் போக முடியாமை தொடர்ந்தாலோ, குடி அன்றாடப் பழக்கமாகியிருந்தாலோ, இது மரத்தடிக்கு உரியதல்ல. (மதுக்கடைகள் இவ்வளவு அருகருகே உள்ள ஊரில் குடியைப் பற்றிக் கேட்காமல் விடுவது பொறுப்பின்மை, நான் எல்லாரிடமும் கேட்கிறேன்.) ‘ஜிப்மருக்குப் போங்க’ என்று சொல்வது மட்டும் அனுப்பிவைப்பதாகாது. எந்த வாயில், எந்தப் பிரிவு, காலையில் எத்தனை மணிக்குள் வெளிநோயாளர் பதிவு, என்ன ஆவணம், பேருந்து எங்கே நிற்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் முதல் முறை கூடப் போக வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அந்த வளாகத்தின் பரப்பே மிரட்டலாக இருக்கும். கடலூர் மாணவருக்குத் தம் ஊர்ப் பக்கமே தொடர் கவனிப்பு வேண்டுமென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனையில் பெறலாம். எல்லை தாண்டிய இரண்டு நிர்வாகங்கள் என்பதால் மருந்துச் சீட்டின் நகலை மாணவர் கையில் வைத்திருப்பது நல்லது.

ஒன்பதாம் படி: எழுதி வைப்பதும் எழுதாமல் விடுவதும்

நிர்வாகம் கணக்குக் கேட்கும், கேட்பதில் தவறில்லை. பெயர், துறை, ஆண்டு எதுவுமின்றி, வந்தவர் எத்தனை பேர், எதைப் பற்றி, படிப்பா, வீடா, பணமா, உறவா, உடம்பா என்று கோடு மட்டும் போட்ட குறிப்பேடு போதும். உயிராபத்து என்று நடவடிக்கை எடுத்த பேச்சுக்கு மட்டும் நாள், நேரம், செய்தது என்ன என்று தனியாக எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். 12 பேர் படிக்கும் துறையில் ‘மாணவி, குடும்பச் சிக்கல்’ என்று எழுதினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேட்பவருக்கும் கேட்க ஒருவர் வேண்டும். மாதம் ஒருமுறை மூத்த ஆலோசகர் ஒருவரிடம், பெயர்களை விட்டுவிட்டு, பேசியவற்றைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை நியமன ஆணையிலேயே கேட்டு வாங்குங்கள். தேர்வு விடுமுறைக்கு முந்தைய புதன்கிழமை, மரத்தடி மறுபடி எப்போது கூடும் என்ற தேதியையும் 14416 என்ற எண்ணையும் சிறு அட்டைகளில் எழுதி, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் கீழ் வைத்துவிட்டுப் போங்கள். எத்தனை அட்டை குறைந்திருக்கிறது என்று திரும்பி வந்து எண்ணிக்கொள்ளலாம். யார் எடுத்தார் என்று காவலாளியிடம் கேட்கக் கூடாது.